தீபாவளி மிச்சத்தை ஆடுகளுக்குக் கொண்டு வராதீர்கள்

பினாங்கு பாலிக் புலாவ் பக்கம் ஒரு விலங்குக் காப்பகத்துக்கு ஞாயிறுதோறும் உதவிக்குப் போகிறேன். தீபாவளி லீவில் பிள்ளைகளோடு வந்து புது ஆடுகளைப் பார்க்கலாமா, சாப்பாடு கொடுக்கலாமா என்று பலர் வாட்ஸ்அப்பில் கேட்கிறீர்கள். ஆசையாகத்தான் கேட்கிறீர்கள், தெரியும். ஆனால் மீட்டு வந்த ஆட்டை முதல் ஒரு மாதமாவது யார் கண்ணிலும் காட்டக்கூடாது என்பதே என் கருத்து.

நோய் தொற்றும் என்று புது ஆட்டைத் தனியாகக் கட்டுவது எங்கும் உள்ள வழக்கம். நான் சொல்வது அந்த ஆட்டின் பயத்தைப் பற்றி. கடைசியாக வந்த பெட்டை ஆட்டின் கீழ் இமையை இறக்கிப் பார்த்தால் சிவப்பே இல்லை, சுண்ணாம்பாட்டம் வெளுத்திருந்தது. குடற்புழு அவ்வளவு ரத்தத்தை உறிஞ்சியிருக்கிறது. நம் மழைக்கும் வெக்கைக்கும் அந்தப் புழு செழித்து வளரும். குளம்பு நீண்டு வளைந்ததால் முன்னங்காலை மடக்கி, முட்டி போட்டுத்தான் மேய்ந்தது. புழுவுக்கு மருந்து கொடுத்தார்கள், குளம்பை வெட்டிவிட்டார்கள். ஆனால் வாளிச் சத்தம் கேட்டாலே இன்னமும் பலகையோடு ஒட்டிக்கொள்கிறது. பலா இலையைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டு நாம் தள்ளிப் போனால்தான் வாய் வைக்கும்.

கையில் வாங்கித் தின்றால் பழகிவிட்டது என்கிறார்கள். பசித்த ஆடு யார் கையிலும் வாங்கும். நாம் பக்கத்தில் நிற்கும்போதே படுத்து அசைபோடுகிறதா என்றுதான் நான் பார்ப்பேன். மிரண்டு நிற்கிற ஆடு அசைபோடாது.

இங்கிலாந்தில் கென்ட் வட்டாரத்து பட்டர்கப்ஸ் ஆட்டுக் காப்பகத்தில் லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. சீரழிந்து வந்த ஆடுகளையும் முன்பே நன்றாக வளர்ந்தவற்றையும் ஒப்பிட்டார்கள். தீவனம் இருக்குமா இருக்காதா என்று தெரியாத பாதையில், சீரழிந்து வந்த ஆடுகளும் மற்றவற்றைப் போலவே நம்பிக்கையோடு நடந்தன. பெட்டைகள் ஒருபடி மேலேயே இருந்தன. எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் அதற்கு முன் இரண்டு வருஷத்துக்கு மேல் நல்ல பராமரிப்பு கிடைத்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

சாப்பாட்டு விஷயம் இதைவிட முக்கியம். ஆடு எதையும் தின்னும் என்ற நினைப்பு நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. புல்லும் தழையும் தின்று பழகிய வயிற்றில் திடீரென்று சோறு, ரொட்டி, தோசை மாவு நிறைய விழுந்தால் உள்ளே புளித்து அமிலம் ஏறும், அசைபோடுவது நின்றுபோகும், ஓரிரு நாளில் ஆடு செத்தும் போகலாம். அரளித் தழை கொஞ்சம் போனாலே விஷம். தயவுசெய்து வேண்டாம்.

கொடுக்க ஆசைப்பட்டால் நேப்பியர் புல் கட்டு கொடுங்கள், பலா இலை கொடுங்கள். கொட்டகையில் ஆடுகள் நிற்கும் பரணில் சில பலகைகள் உளுத்துவிட்டன. ஈரத்தில் நின்றால் குளம்பு அழுகும், அதனால் பலகை வாங்கித் தந்தால் பேருதவி. கூட்டிப் பெருக்க ஆள் வந்தால் இன்னும் நல்லது. முன்கூட்டியே எனக்கு ஒரு மெசேஜ் போட்டுவிட்டு வாருங்கள். புது ஆடுகள் இருக்கும் பக்கம் மட்டும் போகவேண்டாம்.