லிவருக்கு ஸ்டெம் செல் ஊசியா? முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் 'லிவர் சுருங்கிப்போச்சு' என்று ரிப்போர்ட் வந்தால் முன்பு கீழாநெல்லியைச் சொல்வார்கள். இப்போது ஸ்டெம் செல் ஊசி, அதாவது புது செல்களை உருவாக்கும் மூலச் செல்களை உடம்பில் ஏற்றுவது. நகையை அடகுக் கடைக்குக் கொண்டுபோகும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

பிரிட்டனில் 81 சிரோசிஸ் (லிவர் தழும்பேறிச் சுருங்குவது) நோயாளிகளிடம் இதை முறைப்படி சோதித்து, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். 5 நாள் ஜி.சி.எஸ்.எஃப் என்ற மஜ்ஜையைத் தூண்டும் ஊசி போட்டு, எலும்பு மஜ்ஜையின் ஸ்டெம் செல்களை ரத்தத்துக்கு வரவழைத்து, ஒரு பிரிவினருக்கு அவற்றைப் பிரித்தெடுத்து 3 தவணையாகத் திரும்ப ஏற்றினார்கள். ஊசியே போடாதவர்களைவிட லிவர் ஒன்றும் தேறவில்லை. பக்கவிளைவுதான் கூடுதல்.

கை நரம்பில் ஏற்றும் செல்களில் பெரும்பகுதி முதலில் நுரையீரலில் சிக்கிக்கொள்ளும். லிவருக்குப் போனவையும் அங்கே நிலைப்பது அரிது. தவிர, சிரோசிஸ் என்பதே தழும்பு. அது ரத்த ஓட்டத்தை மறித்து அழுத்தத்தை ஏற்றுவதால்தான் வயிற்றில் நீரும் ரத்த வாந்தியும். குடியோ, மருந்தில் கட்டுப்படாத ஹெபடைடிஸ் பி வைரஸோ இருக்கும்வரை தழும்பும் கூடிக்கொண்டே போகும்.

'அவருக்குக் கேட்டுச்சே' என்பீர்கள். ஊசி போட்ட அன்றே குடியையும் விட்டிருப்பார். குடியை விட்டாலே சில மாதங்களில் பிலிருபின் (காமாலை அளவு) இறங்கி ஆல்புமின் (லிவர் செய்யும் புரதம்) ஏறுவது பலருக்கு நடக்கும். பேர் மட்டும் ஊசிக்கு.

ஐ.சி.எம்.ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017-ல் தந்த வழிகாட்டுதல்படி, ஸ்டெம் செல் சிகிச்சையில் ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்றவை போக மற்றதெல்லாம் ஆராய்ச்சி. அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. ஆராய்ச்சி என்றால் சி.டி.ஆர்.ஐ (மருத்துவச் சோதனைகளுக்கான இந்தியப் பதிவேடு) பதிவு எண்ணை வாங்கி இணையத்தில் பாருங்கள்: எந்த நோய், எந்த மருத்துவமனை, ஆள் சேர்ப்பது இன்னும் நடக்கிறதா? 'பேக்கேஜ்' என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடலாம்.

அந்தக் காசில் லிவரில் புற்றுநோய் வருகிறதா என்று 6 மாதத்துக்கு ஒரு ஸ்கேன், ஏ.எஃப்.பி ரத்தப் பரிசோதனை, உணவுக்குழாயின் ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறதா என்று என்டோஸ்கோபி எடுக்கலாம். ஹெபடைடிஸ் சி என்றால் பெரும்பாலும் 12 வார மாத்திரையிலேயே கிருமி போய்விடும். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் வேண்டாம், கிட்னியைக் கெடுக்கும்.

வயிற்றில் நீர் இருந்தால் நாளுக்கு 5 கிராம் உப்பு, அதாவது தட்டையாக ஒரு டீஸ்பூன், எல்லாம் சேர்த்து. நம் வீட்டில் உப்புக்கண்டமும் மோர் மிளகாயும் வடகமுமே அந்தக் கணக்கை முடித்துவிடும். ஆனால் பட்டினி போடாதீர்கள். முட்டை, பருப்பை நிறுத்தினால் தசை கரையும். படுக்கப் போகும் முன் ஒரு டம்ளர் பாலும் இரண்டு வெள்ளைப் பணியாரமும் கொடுங்கள் (காரச் சட்னி இல்லாமல்!). சர்க்கரை நோய் இருந்தால் அளவை டாக்டரிடம் கேளுங்கள்.

வயிற்றில் ஒருமுறை நீர் கட்டினாலே லிவர் மாற்று மையத்தில் காட்டுங்கள். முதலமைச்சர் காப்பீட்டில் அதற்கு இடமுண்டு. ஊசியைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தள்ளினால், ஆபரேஷனைத் தாங்கும் தெம்பு உடம்பில் மிஞ்சாமல் போகலாம்.