ஒரே ஊசியில முட்டி ஜவ்வு வளர்ந்துடுமா?

"ஸ்டெம் செல் (வேற வகை செல்லா மாறக்கூடிய மூல செல்) ஊசி ஒண்ணு போட்டா தேஞ்ச ஜவ்வு புதுசா வளரும், ஆபரேஷனே வேணாம்"னு வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் சுத்துது, அது தப்புங்க. இங்க ஜவ்வுன்னு சொல்றது எலும்பு முனையை மூடியிருக்கிற வழவழப்பான குருத்தெலும்பைத்தான், அதுல ரத்தக்குழாயே கிடையாது, அதான் தானா ஆறாது. நிஜமா இருக்கிற செல் சிகிச்சை வேற, நம்ம முட்டியிலேருந்தே துளி குருத்தெலும்பு எடுத்து லேப்ல சில வாரம் செல்லை வளர்த்து திரும்ப ஆபரேஷன் பண்ணி குழி விழுந்த இடத்துல வைப்பாங்க. ஸ்வீடன் டாக்டருங்க 1994லயே இதோட ரிசல்ட்டை வெளியிட்டாங்க, அமெரிக்கால இந்த முறையில செய்யுற 'மேசி'ங்கிற தயாரிப்புக்கு 2016ல அனுமதி கிடைச்சுது. அதுவும் ஏதோ ஒரு இடத்துல மட்டும் சேதமானவங்களுக்குத்தான், மூட்டு முழுக்க தேஞ்சவங்களுக்கு இல்ல. மூட்டு தேய்மானத்துக்குன்னு எந்த ஸ்டெம் செல் ஊசிக்கும் அங்க அனுமதி இல்ல. ராத்திரி வலில தூங்காத பெரியவங்க இதை நம்பி சேமிப்பைக் கொட்டுறதை நினைச்சா வயிறு எரியுது, தயவுசெஞ்சு ஃபார்வர்டு பண்ணாதீங்க.