பாட்டிகளின் மரப்பெஞ்சு

"மனசு விட்டுப் பேசு, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிவிடுகிறோம். யாரிடம் பேசுவது, பேசி முடித்தபின் என்ன செய்வது? இதற்கு நல்ல பதில் வைத்திருப்பவர்கள் ஜிம்பாப்வே பாட்டிகள்.

2006-இல் ஹராரே நகரின் ம்பாரே பகுதியில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 14 பாட்டிகளோடு தொடங்கிய வேலை இது. கிளினிக்கில் அறை கிடைக்கவில்லை. வெளியே ஒரு மரப்பெஞ்சு போட்டார்கள். 'மனநலப் பெஞ்சு' என்று பெயர் வைத்ததும் அந்தப் பக்கம் யாரும் வரவில்லை. பாட்டிகள் சொல்லித்தான் 'நட்புப் பெஞ்சு' ஆனது. அங்கே பேசப்படும் ஷோனா மொழியில் மன வேதனைக்குப் பெயர் 'குஃபுங்கிசிசா', அளவுக்கு மீறி யோசிப்பது. "எப்பப் பார்த்தாலும் ஏதோ யோசனையிலேயே இருக்கா" என்று நம் வீடுகளில் சொல்வோமே, அதேதான்.

பெஞ்சுக்கு வருபவரிடம் முதலில் கடந்த ஒரு வாரத்தைப் பற்றி 14 கேள்விகள். ஆம், இல்லை என்று சொன்னால் போதும். தற்கொலை எண்ணம் தெரிந்தால் பாட்டி தனியாகக் கையாளக் கூடாது, உடனே மேல் சிகிச்சைக்கு அனுப்பிவிட வேண்டும். மற்றவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து கவலைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறார்கள். வாடகை பாக்கி, அடிக்கிற கணவன், நோய். அதில் எதை முதலில் எடுப்பது என்பதை வந்தவரே தேர்ந்தெடுக்க வேண்டும். நம் ஊர்ப் பெரியவர்கள் சறுக்குவது இங்கேதான்: பாதி கேட்பதற்குள் புத்திமதி தொடங்கிவிடும். தீர்வு நம்முடையதாக இருந்தால் அவர் தலையாட்டிவிட்டுப் போவார், செய்ய மாட்டார். அவர் வாயிலிருந்தே வரவேண்டும், சின்னதாக வரவேண்டும். "வாடகையைக் கட்டிடுறேன்" என்பது பெரிது. "வியாழக்கிழமை வீட்டுக்காரரைப் பார்த்து ஒரு மாதம் தவணை கேட்கிறேன்" என்றால் செய்ய முடியும். அடுத்த முறை வரும்போது அது நடந்ததா என்று பாட்டி கேட்பார். நடக்கவில்லையென்றால் திட்டு கிடையாது, எங்கே தடைபட்டது என்றுதான் பேச்சு. இப்படி 6 அமர்வுகள்.

ஹராரேயின் 24 கிளினிக்குகளில் 573 பேரிடம் நடந்த ஆய்வு 2016-இல் வெளியானது. ஆறு மாதம் கழித்து மனச்சோர்வு அறிகுறி இருந்தவர்கள் வழக்கமான சிகிச்சையில் பாதிப் பேர். பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் 14 சதவீதத்துக்கும் குறைவு.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, பெஞ்சுக்கு வந்தவர்கள் பிறகு ஒன்றுசேர்கிற குழு. அங்கே பழைய பிளாஸ்டிக்கைக் கீற்றாக்கி, குரோஷா ஊசியால் பை பின்னுகிறார்கள். கண்ணைப் பார்த்துப் பேசக் கூச்சப்படுகிறவருக்குக் கையில் ஒரு வேலை இருந்தால் பேச்சு தானாக வரும். பையை விற்றால் நாலு காசும் கிடைக்கும். ஒருநாள் வரவில்லையென்றால் ஏன் வரவில்லை என்று தேட ஆள் இருக்கும். இங்கே ஆலோசனை மையம் தொடங்க நினைப்பவர்கள் தயவுசெய்து இந்தக் குழுவுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள்.