வாடகை கட்டப் போவது நான், என் இனமா?

மலேசியாவில், கெடா மாநிலத்துப் பாடாங் செராய், லூனாஸ், கூலிம் பக்கம் வாடகைக்கு ஒரு வீடு தேடிப் பாருங்கள், ரத்தக் கொதிப்பு இல்லாதவனுக்கும் வந்துவிடும். மூன்று அறை, இரண்டு குளியலறை, பள்ளிக்கூடம் பக்கம் என்று விளம்பரத்தில் தேனாக எழுதியிருப்பார்கள். கடைசி வரியில் 'சீனருக்கு மட்டும்' என்றிருக்கும், இல்லாவிட்டால் கொஞ்சமும் கூச்சமில்லாமல் 'நோ இண்டியன்'. பகிரங்கமாக, போன் நம்பரோடு! அப்படி எழுதாதவன் நல்லவன் என்று நம்பிவிடாதீர்கள், அவன் போனில் கேட்பான்.

போன வாரம் என் கணவர் ஓர் ஏஜண்டிடம் பேசினார். இவருக்கு மலாய் அட்சர சுத்தமாக வரும், குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. அந்தப் பையன் 'போஸ், போஸ்' என்று குழைகிறான். சாவி கையிலேயே இருக்கிறதாம், சாயங்காலமே வந்து பார்க்கலாமாம், வாடகை 900 வெள்ளி (ரிங்கிட்), ஓனரிடம் பேசினால் 50 வெள்ளி குறையுமாம். எல்லாம் பேசி முடித்து போனை வைக்கப் போகிற நேரத்தில் 'பங்சா அபா, போஸ்?' என்றான், அதாவது என்ன இனம் என்று. 'இந்தியா' என்றார் இவர். அந்தப் பக்கம் ஓர் இருமல், அப்புறம் 'ஓனரிடம் கேட்டுச் சொல்கிறேன்'. சொன்னானா? அந்த வீடு இன்றைக்கும் விளம்பரத்தில்தான் கிடக்கிறது. பூட்டிப் போட்டுப் பாழாக்கினாலும் ஆக்குவான், நமக்குத் தரமாட்டான்.

கேட்டால் காரணம் சொல்வார்கள். வாடகை பாக்கி வைப்போமாம், குடித்துவிட்டுச் சண்டை போடுவோமாம், தாளிக்கிற வாசம் சுவரில் ஏறிவிடுமாம். பக்கத்து வீட்டில் பெலாச்சான் என்கிற இறால் விழுதை வறுத்தால் மட்டும் மல்லிகைப்பூ மணக்கிறதோ? வாடகை வருமா வராதா என்று பயந்தால் சம்பளச் சீட்டைக் கேள், ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கைக் கேள், முன்பு இருந்த வீட்டுக்காரரிடம் விசாரி. எல்லாவற்றையும் கொடுக்கத் தயாராகத்தானே நிற்கிறோம்! அதைப் படித்துப் பார்க்கச் சோம்பல்பட்டுக்கொண்டு தோலைப் பார்த்து முடிவு செய்கிறான்.

உடனே யாராவது அரசமைப்புச் சட்டத்தின் 8-ஆவது விதியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சட்டத்தின் முன் எல்லாரும் சமம், உண்மைதான். ஆனால் அந்த விதி கட்டுப்படுத்துவது அரசாங்கத்தை, உங்கள் வீட்டு ஓனரை இல்லை. கர்ப்பமானதால் வேலை இழந்த விமானப் பணிப்பெண் பியட்ரிஸ் பெர்னாண்டஸ் இந்த விதியை நம்பித்தான் வழக்குப் போட்டார். தனியார் செய்யும் உரிமை மீறலுக்கு அரசமைப்புச் சட்டம் வராது என்று 2005-இல் கூட்டரசு நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. ஆக, 'நோ இண்டியன்' என்று எழுதினவன் மேல் எந்தச் சட்டத்தின் கீழ் புகார் கொடுப்பது?

இங்கிலாந்தில் இதை 1968-லேயே சட்டம் போட்டுத் தடுத்தார்கள், இப்போது அங்கே 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் இருக்கிறது. தான் குடியிருக்கும் வீட்டில் ஓர் அறையை மட்டும் விடுகிறவருக்கு அதில் சில விலக்குகள் உண்டு, ஆனால் இனத்தைச் சொல்லி மறுக்க அங்கேயும் இடமில்லை. அங்கே மட்டும் எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்பது வேறு கதை. வழக்குப் போட ஒரு வாசலாவது இருக்கிறதே!

இங்கே வீடமைப்பு அமைச்சு வாடகைக்கென்று தனிச் சட்டம் வருகிறது, வருகிறது என்று சொல்லிப் பல வருஷம் ஆகிறது. அமைச்சர்கள்தான் மாறினார்கள். எனக்கு ஆத்திரம் என்னவென்றால், அந்தச் சட்டம் ஒழுங்காக வந்தால் ஓனர்களுக்கும் லாபம்தான். இன்றைக்கு ஒப்பந்தம் முடிந்தும் ஒருவர் வெளியேறாவிட்டால், 1950-ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டப்படி கோர்ட்டுக்குப் போகாமல் அவரை வெளியேற்ற முடியாது. பூட்டை மாற்றுவது, தண்ணீரை வெட்டுவது எல்லாம் செல்லாது. அந்த அலைச்சலும் வக்கீல் செலவும் நினைத்துத்தான் ஓனர் பயப்படுகிறார். அது நியாயமான பயம், ஒத்துக்கொள்கிறேன். டெபாசிட்டைப் பொதுவான இடத்தில் போட்டு வைத்து, தகராறை விரைவாகத் தீர்க்க ஒரு தீர்ப்பாயம் அமைத்தால் அந்தப் பயம் பாதி போய்விடும். அதைச் செய்யாமல் விட்டுவிட்டு, எவனோ எப்போதோ வைத்த பாக்கிக்கு என்னை ஈடு வைக்கிறார்கள்.

நம்மவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கூலிமில் ஒரு தமிழ் அக்காவின் வீட்டைப் பார்க்கப் போனோம். காப்பி கொடுத்து, நன்றாகப் பேசிவிட்டு, 'உங்க அப்பா எந்தத் தோட்டம், எந்த லயம்?' என்று சுற்றி வளைத்துக் கடைசியில் சாதியில் வந்து நின்றார். அந்தக் காப்பி எனக்கு இறங்கவேயில்லை. இதே அக்கா பங்களாதேஷ் பையன்களுக்கு வீடு கிடையாது என்று கேட் பக்கத்திலேயே எழுதி மாட்டியிருக்கிறார். சட்டம் வந்தால் அவருக்கும் சேர்த்துத்தான் வரவேண்டும்.

எங்கள் ஓனர் வீட்டை விற்றுவிட்டார், மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். மகள் படிக்கும் தமிழ்ப்பள்ளிக்குப் பக்கமாக, 900 வெள்ளிக்குள் யாரிடமாவது வீடு இருந்தால் சொல்லுங்கள். இரண்டு மாத டெபாசிட் கையில் இருக்கிறது, சம்பளச் சீட்டும் இருக்கிறது. பங்சா கேட்கிற ஓனர்கள் தயவுசெய்து போன் அடிக்க வேண்டாம்.