அணை மட்டம் மட்டும் பார்த்தால் ஆறு தெரியாது

மழைக்காலம் வந்தால் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் எல்லாரும் காலையில் தேடுவது தாமிரபரணி அணைகளின் நீர்மட்டம் போடும் ஒரே பெட்டிச் செய்தியைத்தான். பாபநாசம் எத்தனை அடி, சேர்வலாறு எத்தனை, மணிமுத்தாறு எத்தனை. முழு மட்டமான 143 அடியில் பாபநாசம் எங்கே நிற்கிறது என்று டீக்கடையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தாமிரபரணியைக் கண்காணிக்கிறோம் என்று நாம் நம்பிக்கொண்டிருப்பது பெரும்பாலும் இவ்வளவுதான். இது போதாது என்பது என் கருத்து.

1992 நவம்பர் வெள்ளம் மலையிலிருந்து வந்தது. காக்காச்சி, மாஞ்சோலைப் பக்கம் கொட்டிய மழை அணைகளுக்குள் இறங்கி, திறந்துவிட்ட தண்ணீர் கரையோர ஊர்களில் புகுந்தது. அதைப் பார்த்தவர்களுக்கு வெள்ளம் என்றாலே அணைதான் ஞாபகம் வரும். 2023 டிசம்பர் 17, 18-ல் கதையே வேறு. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. எல்லாமே அணைகளுக்குக் கீழே, கடலை ஒட்டிய சமவெளி! அணைத் தண்ணீரும் சேர்ந்துகொண்டது, மறுக்கவில்லை. ஆனால் ஊருக்கு ஊர் குளம் உடைந்து வந்த தண்ணீர் பாபநாசம் மட்டத்தில் எப்படித் தெரியும்? செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டதை மறந்திருக்க மாட்டீர்கள்.

அணைகளுக்குக் கீழே தாமிரபரணியில் இருக்கும் மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் நான்கு கால்வாய்களில் மட்டும் 53 குளங்கள். ஒன்று நிரம்பி மறுகால் பாய்ந்தால் அடுத்த குளத்துக்குப் போகும், அது நிரம்பினால் அதற்கடுத்தது. மேல்குளம் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்தாலே கீழ்க்குளத்துக்காரர்கள் சுதாரித்துக்கொள்ள நேரம் கிடைக்கும். பல குளங்களில் மடைக்குப் பக்கத்தில் அளவுக்கல், அதாவது தண்ணீர் மட்டம் பார்க்க எண் எழுதிய கல், இருக்கத்தான் செய்கிறது. பெயிண்ட் உதிர்ந்து, எண்கள் மங்கி, பாதி வண்டலில் புதைந்து கிடக்கும். கருவேலம் மறைக்காமல் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். அதைப் படிக்கவும் எழுதி வைக்கவும் ஆள் வேண்டுமே!

இன்னொன்று, அதிகம் பேசப்படாதது. ஆற்றில் இத்தனை ஆயிரம் கன அடி போகிறது என்று சொல்கிறார்களே, அந்தக் கணக்கை ஒவ்வொரு நாளும் நேராக அளந்து எடுப்பது குறைவு. முன்பே வேகத்தையும் ஆழத்தையும் அளந்து, 'மட்டம் இவ்வளவு என்றால் ஓட்டம் இவ்வளவு' என்று ஓர் அட்டவணை போட்டு வைத்திருப்பார்கள். பிறகு மட்டத்தைப் பார்த்து அட்டவணையிலிருந்து எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். தப்பில்லை, உலகம் முழுக்க அப்படித்தான். ஆனால் ஆற்றின் படுகை மாறாமல் இருக்க வேண்டும். மணலை அள்ளி அள்ளிப் படுகையைப் பள்ளமாக்கிவிட்டால் பழைய அட்டவணை பொய் சொல்லும். தாமிரபரணியில் மணல் அள்ள 2010-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை போட்டது. அதுவரை அள்ளியது கொஞ்சமா? ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் இதற்கு நேர்மாறு: வண்டல் மேடு தட்டி, அதைத் தூர்வாரவே பசுமைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது. ஒரே ஆறு, ஓரிடத்தில் பள்ளம், ஓரிடத்தில் மேடு. ஆற்றின் குறுக்குவெட்டை, அதாவது கரைக்குக் கரை அகலமும் ஆழமும் எவ்வளவு என்பதை, அடிக்கடி அளக்காமல் கன அடிக் கணக்கை நம்புவது எப்படி?

தமிழ்நாடு முழுக்க 1,400 தானியங்கி மழைமானிகள் வைப்பதாக அரசு அறிவித்தது. நல்லதுதான். ஆனால் மழைமானி சொல்வது விழுந்த தண்ணீரை. அது எந்த ஓடை வழியாக எந்தக் குளத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை அது சொல்லாது. அதற்குக் குளத்தில்தான் அளவு வேண்டும். செலவு என்று யாராவது ஆரம்பித்தால் சிரிப்புதான் வரும். ஒரு கல், இரண்டு டப்பா பெயிண்ட், தினமும் காலையில் படம் எடுத்துக் குழுவில் போட ஊருக்கு ஓர் ஆள், மழை நாட்களில் இரண்டு வேளை. அந்த எண்கள் அலுவலக ஃபைலோடு நிற்காமல் எல்லாரும் பார்க்கிற மாதிரி வர வேண்டும், அவ்வளவுதான்.

சரி, உங்கள் ஊர்க் குளத்தில் அளவுக்கல் இருக்கிறதா? எண் தெரிகிற நிலையில் இருந்தால் கமெண்டில் படம் போடுங்கள். தெரியாத நிலையில் இருந்தாலும் போடுங்கள்.