கரி அள்ளியவர்களின் போர்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனைப் பட்டினியிலிருந்து காத்தவை வணிகக் கப்பல்கள். அவற்றில் வேலை பார்த்த மாலுமிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் லாஸ்கர் என்று அழைக்கப்பட்ட இந்தியர். போரைப் பற்றி எழுதுகிறவர்கள் இவர்களை ஒரே வரியில் கடந்துபோகும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமை பொங்குகிறது.

கப்பலை ஓட்டும் நீராவிக்காக உலைக்குக் கரி போட்டவர்களில் பலர், இன்றைய வங்கதேசத்தில் உள்ள சில்ஹெட் பக்கத்துக் கிராமத்தார். நான்கு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, மறுபடியும் வேலை. சாதாரண நாளிலேயே முதுகை ஒடிக்கிற வேலை அது. போர் வந்ததும் இன்னொரு கண்டிப்பும் சேர்ந்தது: கரும்புகை எழக் கூடாது. எழுந்தால், கூட்டமாகப் போகும் அத்தனை கப்பல்களும் எங்கே இருக்கின்றன என்று ஜெர்மன் நீர்மூழ்கிக்குத் தெரிந்துவிடும். கரியை மொத்தமாகக் கொட்டினால் புகை கிளம்பும். குறைத்தால் நீராவி இறங்கிக் கப்பல் பின்தங்கும். தனியே பின்தங்கிய கப்பல் நீர்மூழ்கிக்கு எளிய இரை. ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக, உலை முழுதும் பரவும்படி, ஓயாமல் வீசிக்கொண்டே இருக்க வேண்டும். எத்தனை கப்பல்களின் உயிர் அந்தக் கைகளில் இருந்தது!

டார்பிடோ இயந்திர அறையில் பாய்ந்தால், தப்பிக்கச் செங்குத்தான இரும்பு ஏணிதான். அதில் ஏறப் பெரும்பாலும் அவகாசம் இருக்காது. ஓய்வில் இருப்பவருக்கும் நிம்மதி ஏது? உடுத்திய துணியோடு, மிதவை அங்கியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு படுத்தார்கள். வெடிப்பில் நிலைச்சட்டம் கோணினால் கதவு சிக்கிக்கொள்ளும். அதனால் திறந்தபடியே கொக்கி மாட்டி வைத்தார்கள்.

கூலி? வெள்ளை மாலுமிக்குக் கிடைத்ததில் ஏறத்தாழ கால் பங்கு. 1939-ல் உயர்த்திக் கேட்டுக் கப்பலேற மறுத்த நூற்றுக்கணக்கானவர்களைச் சிறையில் தள்ளினார்கள். வெள்ளை மாலுமிகளையும் முதலாளிகள் விட்டுவைக்கவில்லை: 1941 மே வரை, பல நிறுவனங்களில், கப்பல் மூழ்கிய நாளோடு சம்பளம் நின்றது. உயிர்காப்புப் படகில் தத்தளித்த நாட்களுக்குக் காசில்லை. இதைவிடக் கேவலமான கணக்கை நான் படித்ததில்லை.

அந்தப் போரில் 6,000-க்கும் மேற்பட்ட இந்திய மாலுமிகள் இறந்தார்கள். லண்டன் டவர் ஹில் நினைவுச்சின்னத்தில், அதே போரில் கடலோடு போன ஏறத்தாழ 24,000 வணிகக் கப்பல் மாலுமிகளின் பெயர்கள் வெண்கலத்தில் இருக்கின்றன. லாஸ்கர்களில் பெரும்பாலோரின் பெயர்களோ சிட்டகாங்கிலும் மும்பையிலும் உள்ள பதிவேடுகளில் கிடக்கின்றன. அவை அங்கேயும் இருக்கட்டும். ஆனால் லண்டனுக்கு ரொட்டி கொண்டுபோய்ச் செத்தவர்களின் பெயர்களை லண்டனிலும் பொறிக்க வேண்டும்.