கூஸ் (காட்டு வாத்து) வேட்டைக்குப் புதியவர்களிடம் சொல்ல விரும்புவது

செப்டம்பர் வந்தால் போதும், கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் இருக்கும் நம்மவர்கள் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள்: "அண்ணா, கூஸ் வேட்டைக்கு என்னென்ன வாங்கணும்?" முதல் சீசனில் கடையில் பணத்தைக் கொட்டாதீர்கள். மாலை நேரங்களை கிராமச் சாலைகளில் செலவழியுங்கள்.

இந்த வாத்துகள் இரவு ஏரியில் அடையும். விடிந்ததும் அறுத்த பார்லி, கோதுமை, பட்டாணி வயல்களுக்கு மேய வரும். நடுவில் தண்ணீருக்குப் போய்விட்டு மாலையில் மறுபடி வயலுக்கு வரும். ஒரு வயல் பிடித்துப்போனால் யாரும் கலைக்காதவரை பெரும்பாலும் அங்கேயேதான் இறங்கும். முந்தின நாள் மாலை எந்த வயலில், அதிலும் எந்த மூலையில் இறங்கின என்று பார்த்து வைத்தால் பாதி வேலை முடிந்தது. அதைப் பார்க்காமல் பக்கத்து வயலில் கூட்டத்தை ஈர்க்க எத்தனை பொம்மை வாத்துகளைப் பரப்பினாலும் பெரிய பயன் இருக்காது.

வயல் தெரிந்ததும் அந்த நிலத்துக்காரர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். 2022 ஜனவரி முதல் இந்த மாகாணத்தில் நிலத்துக்காரரின் முன் அனுமதி இல்லாமல் வேட்டைக்காக உள்ளே நுழைவது சட்ட மீறல். சட்டம் இல்லாவிட்டாலும் அது ஒருவர் பாடுபடும் மண். வெளிச்சம் இருக்கும்போதே போய், எத்தனை பேர் வருகிறீர்கள், என்ன வண்டி என்று சொல்லுங்கள். வண்டியை எங்கே நிறுத்தலாம் என்று கேளுங்கள். மழை பெய்த நிலத்தில் டயர் பதிந்தால் அந்தப் பள்ளத்தோடு மல்லுக்கட்டப்போவது அவர்தான். சுட்டு முடித்ததும் காலித் தோட்டாக்களை ஒன்று விடாமல் பொறுக்குங்கள். மறுபடி போய் நன்றி சொல்லுங்கள்.

ஏரியில் அடைந்திருக்கும் கூட்டத்தைச் சுடுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். ஒரு காலை அப்படிச் சுட்டால் கூட்டம் அந்த வட்டாரத்தையே விட்டுப் போய்விடும், மற்றவர்களுக்கும் வேட்டை இல்லை.

வேட்டையன்று வயலில் காற்று முதுகுப் பக்கமிருந்து வீசுமாறு மறைந்து படுத்துக்கொள்ளுங்கள். வாத்து காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். அதனால் பொம்மைகளுக்கு நடுவே, காற்று போகும் திசையில் இறங்க ஓர் இடைவெளி விடுங்கள். படுக்கும் மறைவை அதே வயலில் அறுத்த பயிரின் தாளால் மூடுங்கள், பார்லி வயலில் பட்டாணித் தாள் தனியாகத் தெரியும். முகத்தையும் மறையுங்கள். இறக்கையை விரித்து, காலைத் தொங்கவிட்டு, 30 மீட்டருக்குள் வரும்போது மட்டும் சுடுங்கள். உயரத்தில் போவதைச் சுட்டால் காயம்பட்டு எங்கேயோ போய்ச் சாகும். அது எனக்குப் பொறுக்காது.

சரி, காகிதங்கள். துப்பாக்கி உரிமம், வேட்டைப் பயிற்சி வகுப்பு, மாகாண உரிமம், மத்திய அரசின் வலசைப் பறவை பெர்மிட், எல்லாம் வேண்டும். துப்பாக்கியில் மூன்று தோட்டாக்களுக்கு மேல் போட முடியாதபடி இருக்க வேண்டும். நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைக்கு (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள்) 1999 முதல் கனடா முழுவதும் தடை. செரிமானத்துக்குக் கல் பொறுக்கும் பறவை, மண்ணில் கிடக்கும் ஈயத்தையும் சேர்த்து விழுங்கி நஞ்சேறிச் சாகிறது. யாராவது பழைய ஈயத் தோட்டாவை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அப்புறம், சுட்டதைச் சாப்பிடுங்கள். நெஞ்சுக்கறி மாட்டுக்கறிபோலச் சிவப்பாக இருக்கும், அதிகம் வேகவிட்டால் இறுகிவிடும். தொடையை மிளகும் இஞ்சியும் தூக்கலாகப் போட்டு மெதுவாக வேகவிட வேண்டும்.

இந்தச் சனிக்கிழமை மாலை வயல் பார்க்கப் போகிறேன். வர விரும்புகிறவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், ஒரு பைனாகுலர் மட்டும் கொண்டுவந்தால் போதும்.